டர்பன் தெருக்களில் அன்றாடப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் எடுப்பது எனக்குத் தொழில் அல்ல. வார நாட்களில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை விடிந்தால் கேமராவை எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குள் நடக்கப் போய்விடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். கோயிலில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒருமுறை என் படங்களைக் காட்டினேன். அன்றிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேள்வி கேட்டபடி இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கடற்கரையையும் ஸ்டேடியத்தையும் எல்லோரும் எடுத்தாயிற்று. டர்பனில் வேறு என்ன இருக்கிறது?

மோசஸ் மபீடா ஸ்டேடியத்தின் வளைவு அழகுதான். ஆனால் அது நாளைக்கும் அங்கேயே இருக்கும். உங்கள் தெரு முனையில் இருக்கும் டீ ரூம் அடுத்த வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ரொட்டி, பால், மெழுகுவர்த்தி, போன் ஏர்டைம் எல்லாம் விற்கும் அந்தச் சின்னக் கடையின் கம்பி வலைக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணும் கையை யாராவது எடுத்திருக்கிறார்களா? அங்கிருந்து தொடங்கலாம்.

நகரத்துக்குள் என்றால், பழைய கிரே தெருப் பக்கம் போங்கள். இப்போது அதன் பெயர் டாக்டர் யூசுப் தாது தெரு. ஜும்மா மசூதிக்குப் பக்கத்திலிருந்து கதீட்ரல் சாலை வரைக்கும் போகும் மதரஸா ஆர்கேட் ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் துணி, பாசிமணி, வாளி, பெட்டி என்று தொங்கும். இரு முனையிலிருந்தும் வெளிச்சம் வந்து நடுவில் மங்கிப்போகும். அந்த ஒரு சந்திலேயே ஒரு வருடம் படம் எடுக்கலாம், நான் எடுத்திருக்கிறேன். பிள்ளை, நாயுடு, கவுண்டர், மூட்லி என்று கடைப் பலகைகளில் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் பெயர்களையும் எடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டுரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்த கதையின் மிச்சம் அந்தப் பலகைகளில் இருக்கிறது. பெயிண்ட் உரிந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த நம் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு சாட்ஸ்வொர்த்துக்கும் மற்ற இடங்களுக்கும் போக வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்தக் காலத்துக் கல்யாணப் படம் இருக்கிறது. அடுப்பங்கரைப் படம் இல்லை, தோட்டத்துப் படம் இல்லை, பஸ்ஸுக்கு நின்ற படம் இல்லை. தினமும் பார்த்ததை யாரும் எடுக்கத் தோன்றவில்லை.

எந்தக் கேமரா வாங்குவது?

கையில் இருக்கும் போன் போதும். ஆறு மாதம் அதிலேயே எடுங்கள். போனில் முடியாத ஒன்று அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், அதைச் செய்யும் கேமராவைப் பழையதாக வாங்கினால் போதும். நான் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா உடம்பும் ஒரே ஒரு 35 மி.மீ. லென்சும்தான். ஜூம் இல்லாததால் காலால் நடந்து கிட்டே போகப் பழகிவிட்டேன்.

எந்த நேரத்தில் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டர்பனில் எப்போதும் வடக்கேதான். ஜூன், ஜூலையில் தெற்குப் பார்த்த சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும். அந்த நிழலில் ஒருவரை நிறுத்தினால் முகத்தில் வெளிச்சம் மெத்தென்று விழும். கண்ணைச் சுருக்க மாட்டார், மூக்கின் கீழ் கறுப்பு நிழல் விழாது. நண்பகலிலும் முகம் எடுக்கக்கூடிய இடம் அது.

டிசம்பரில் இங்கே காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஏழு மணிக்கெல்லாம் வெயில் கடுமை. ஜூனில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் கடலுக்கு மேல் வரும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குப் போகும் கூட்டத்தின் மேல் பொன் வெயில் விழ வேண்டுமென்றால் குளிர்காலம்தான். பஸ் ஸ்டாப்பில் கம்பளித் தொப்பி, வாயிலிருந்து ஆவி, நீளநீளமான நிழல் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும். வெருலம், டோங்காட் பக்கம் கரும்பை வெட்டுவதற்கு முன் எரிப்பார்கள். அந்த மாலைகளில் வானம் செம்புத் தட்டு மாதிரி இருக்கும், துணி காயப்போட்ட கொடியில் கரித்துகள் வந்து விழும். அந்தக் கொடியை எடுங்கள்.

இன்னொன்று, பிப்ரவரியில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துவிடும். துடைத்தால் மறுபடியும் பனிக்கும். இருபது நிமிடம் பையிலேயே வைத்திருங்கள், தானாகச் சரியாகும்.

ஆளைக் கேட்டு எடுப்பதா, கேட்காமல் எடுப்பதா?

இரண்டும் உண்டு. தெருவில் நடக்கும் கூட்டத்தை எடுக்க நான் கேட்பதில்லை. ஒருவர் முகமே படமாக இருந்தால் கேட்கிறேன். உட்கார்ந்து வியாபாரம் செய்பவரை எப்போதும் கேட்டுத்தான் எடுப்பேன், அவர் எழுந்து போக முடியாது அல்லவா?

கேட்பதற்கு முன்னால் வணக்கம் சொல்லுங்கள். ஜூலு பேசுபவரிடம் "சவுபோனா" என்று தொடங்குங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "உன்னைப் பார்க்கிறோம்" என்று அர்த்தம். படம் எடுக்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வணக்கம் கிடைக்காது. படத்துக்கு "இசிதோம்பே" என்பார்கள். கேமராவைக் காட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே புரிந்துவிடும். தலையை ஆட்டினால் எடுங்கள், கையை ஆட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். நன்றிக்கு "ங்கியாபோங்கா".

நம் ஆட்களிடம் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. முதலில் பத்து ராண்டுக்குக் கொத்தமல்லி வாங்குங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே "என்னையும் ஒரு படம் எடு" என்பார்கள்.

நகரத்தின் வார்விக் பகுதியில் கட்டி முடிக்காமல் விட்ட மேம்பாலத்தின் மேல் இருக்கும் மூலிகைச் சந்தைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே விற்கும் வேரும் பட்டையும் தோலும் அவர்களுக்கு வைத்தியம், வழிபாடும்கூட. அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். அங்கே அறிமுகம் உள்ள ஒருவரோடு போவதுதான் மரியாதை. எனக்கு அங்கே முதல் படம் கிடைத்தது நான்காவது முறை போனபோதுதான்.

சட்டப்படி தெருவில் படம் எடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் பொது இடத்தில் நின்று படம் எடுக்கலாம். மால், கடை, கோயில் எல்லாம் தனியார் இடம், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவர் முகத்தை அவரைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் வழக்கு வரலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. ஆனால் ஒருவர் பணம் தருவதாக ஒத்துக்கொண்டு உங்களை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் உரிமை அவருக்குத்தான். கல்யாணம் எடுக்கப் போகும் தம்பிகள் இதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

கேமராவோடு நடப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டு மூன்று பேராகப் போங்கள். கேமராவை மார்பில் தொங்கவிடாமல் காய்கறிப் பைக்குள் வையுங்கள். மினிபஸ் டாக்சி நிற்கும் ரேங்கில் அங்கே வரிசையைப் பார்க்கிறவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். மனசுக்குச் சரியாகப் படாத தெருவில் திரும்பி நடந்துவிடுங்கள். எந்தப் படமும் உயிருக்கு மேல் பெரியது அல்ல.

நடக்கிற ஆட்கள் எல்லாம் மங்கலாக வருகிறார்கள். என்ன செய்வது?

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/250 விநாடிக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா போகஸ் தேடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அதனால் நான் போகஸைக் கையாலேயே வைத்துவிடுவேன். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், லென்சின் துவாரம் எஃப் 8, போகஸ் இரண்டரை மீட்டர். இப்படி வைத்தால் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். நடைபாதையின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கடைக்குள் டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக வருகிறது என்று சிலர் கேட்டார்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டை மறையும்.

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் குவியல் எடுத்தால் வெறும் சிவப்புச் சேறு மாதிரி வருகிறதே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு வருடம் நானும் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். கூம்பு கூம்பாகக் குவித்த மிளகாய்த்தூள், மேலே குத்தி வைத்த அட்டையில் "மாமியாரை ஒழிக்கும் மசாலா" என்ற பெயர். பார்க்கும்போது தூளின் ஒவ்வொரு மணியும் தெரியும். கரண்டி இறங்கிய தடம் தெரியும், விளிம்பில் சரிந்த கோடு தெரியும். வீட்டுக்கு வந்து திறந்தால் தட்டையான சிவப்புத் துண்டு.

காரணம் இதுதான். படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பாகம் உண்டு. மிளகாய்த்தூளில் சிவப்புப் பாகம் மட்டும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துப் பாருங்கள், சிவப்பு வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (வெளிச்ச அளவின் ஒரு படி ஒரு ஸ்டாப்) குறைத்து, ரா கோப்பில் எடுங்கள். எடிட் செய்யும்போது சிவப்பின் செறிவை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். அப்போது கரண்டித் தடம் திரும்பி வரும். திருவிழா நாளில் சிவப்புப் பட்டுப் புடவை எடுக்கவும் இதே வழிதான்.

ரா கோப்பு என்றால் என்ன, அவசியமா?

கேமரா பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் சீராக இருக்கும் இடத்தில் ஜேபெக் போதும்.

எடிட்டிங் எவ்வளவு தூரம் போகலாம்?

ஏர்லி மார்னிங் மார்க்கெட்டில் மதும்பிக் கிழங்கு விற்கும் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். ஒரு நாள் அவர் கையை எடுத்தேன். கிழங்கின் மயிர் படிந்த தோலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் செம்மண், சுட்டுவிரலில் அழுக்கேறிய பிளாஸ்டர். வீட்டில் உட்கார்ந்து நகத்து மண்ணை எடுத்தேன், பிளாஸ்டரை அழித்தேன், தோலை வழுவழு என்று ஆக்கினேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கையைக் கழுவி விட்டுட்டியா தம்பி?" என்று கேட்டார். கோபமே இல்லை. அப்புறம் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டி, "இது என் கிழங்கு, கை யாரோடதுன்னு தெரியல" என்றார்.

அன்று இரவே முதல் கோப்பைத் திறந்து மறுபடியும் செய்தேன். மண் இருந்தது, பிளாஸ்டர் இருந்தது. அந்தப் படத்தை அவர் கடைத் தூணில் ஒட்டி வைத்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. வெளிச்சத்தைத் தொடுவேன், இருந்த பொருளைத் தொட மாட்டேன். வரிசை இப்படி: முதலில் சாய்வை நேர் செய்து ஓரம் வெட்டுவது, பிறகு எக்ஸ்போஷர், பிறகு வொய்ட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), பிறகு அதிக வெளிச்சத்தை இறக்கி நிழலைக் கொஞ்சம் தூக்குவது. அவ்வளவுதான். கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி படத்தில் புள்ளியாக விழுந்தால் அழிக்கலாம், அது தெருவில் இருந்தது அல்ல. குப்பைத் தொட்டியும் மின்கம்பியும் தெருவில் இருந்தவை, இருக்கட்டும். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியிலும் படத்தில் ஒன்றைச் சேர்ப்பதையோ எடுப்பதையோ ஒத்துக்கொள்வதில்லை.

எடிட் முடித்ததும் உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். ராத்திரி ஏற்றிய நிறம் காலையில் கண்ணைக் குத்தும். நான் பெரும்பாலும் எல்லா ஏற்றத்தையும் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

நம் முகம் படத்தில் கறுத்தே வருகிறது. வெளுப்பாக்கலாமா?

வெளுப்பாக்க வேண்டாம், சரியாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். கேமரா காட்சி முழுவதையும் நடுச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால், சுவரை அடக்குவதற்காக முகத்தை இருட்டில் தள்ளிவிடும். வெள்ளை வேட்டி கட்டிய அப்பாவுக்கும் இதே கதி. கேமராவின் வெளிச்ச மீட்டரை முகத்தில் வைத்து அளந்து எடுங்கள். போனில் முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தை நகர்த்தினால் போதும்.

பிலிம் காலத்தில் கோடாக் தன் பிரிண்ட் கடைகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியின் படம்தான் இருந்தது. அதற்கு ஏற்றபடிதான் நிறத்தைச் சரிசெய்தார்கள். நம் பாட்டிகள் பழைய கலர் படங்களில் கரியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கு ஸ்லைடர் நம் கையில் இருக்கிறது. கறுப்புத் தோலில் செம்பும் நீலமும் மஞ்சளும் உண்டு, அவை தெரியும்படி வையுங்கள்.

எந்த ஆப்?

போனில் ஸ்னாப்சீட் இலவசம். கம்ப்யூட்டரில் டார்க்டேபிள், அதுவும் இலவசம். கற்க ஒரு மாதம் ஆகும், அதற்குப் பிறகு வேறு எதுவும் தேட மாட்டீர்கள்.

ஒரு நாளில் எத்தனை படம் தேறும்?

இருநூறு எடுத்தால் நான்கு. சில சனிக்கிழமை ஒன்றும் இல்லை. எடுத்த அன்றே பொறுக்காதீர்கள், நடந்த களைப்பும் பேசிய பேச்சும் படத்தோடு ஒட்டிக்கொண்டு எல்லாம் நல்லதாகவே தெரியும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலையாக இருக்குமா?

நிறம் படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிறத்தை நீக்கிவிடுங்கள். மார்க்கெட்டில் நிறம்தான் பாதிக் கதை.

காவடி, கூழ் ஊற்றுவது, தீமிதி இதையெல்லாம் எடுக்கலாமா?

கோயில் நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். கருவறையை எடுக்காதீர்கள். அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் பெருங்கூட்டம் கூடும், எல்லாக் கேமராவும் சாமி பக்கமே திரும்பியிருக்கும். நீங்கள் பின்னால் போங்கள். அண்டாவைக் கழுவுகிறவர்கள், மரத்தடியில் பூக்கட்டும் பெண்கள், அப்பாவின் தோளில் தூங்கும் பிள்ளை. ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் வாளியோடு வரிசையில் நிற்கும் பக்கத்து வீட்டு ஜூலு அம்மாவை எடுத்திருக்கிறேன், என் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அது.

யாருடைய படங்களைப் பார்த்துக் கற்கலாம்?

இசிபிங்கோவில் 1925இல் பிறந்த ரஞ்சித் காலி. செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஆறு பென்ஸுக்கு வாங்கிய பழைய கோடாக் கேமராவில் தொடங்கி டிரம் பத்திரிகை வரைக்கும் போனார். 2017இல் காலமானார். தலைவர்களை எடுத்த அதே அக்கறையோடு சாதாரண ஜனங்களையும் எடுத்தவர். அடுத்து ஓமர் பாட்ஷா. 1982இல் தொடங்கிய ஆப்ராபிக்ஸ் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவை நிறுவியவர்களில் ஒருவர். கிரே தெருவை அதற்குள்ளேயே வாழ்ந்தவர் கண்ணால் காட்டியிருக்கிறார். படத்தின் நடுவை விட்டு ஓரங்களைப் பாருங்கள், அங்கே என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

படங்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. அதோடு பிரிண்ட் போடுங்கள். ஆறுக்கு நாலு அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 பிக்சல் போதும், எந்தப் போனிலும் அது உண்டு.

வீட்டில் தாத்தா காலத்துப் படங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

ஒட்டும் ஆல்பத்தில் இருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). இல்லாவிட்டால் ஜன்னலோரம் மேசையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், வருடம் எல்லாம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள்.

வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். என் நண்பர் வீட்டில் கேட்டோ மேனரில் எடுத்த ஒரு கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். அவருடைய ஆயாவுக்கு எண்பத்தெட்டு வயது. மணமக்களைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தில், தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்த ஒரு தண்ணீர்க் குழாயின் மேல் விரலை வைத்தார். "காலைல நாலு மணிக்கு இங்கதான் நிப்பேன்" என்றார். எந்த வீட்டுப் பெண்கள் எந்த வரிசையில் நின்றார்கள், யார் வாளி ஓட்டை என்று ஒரு மணி நேரம் சொன்னார். நண்பர் அந்த ஓரத்தைத்தான் அழகு இல்லை என்று வெட்டப் போனார். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டாதீர்கள், படத்தின் வெள்ளை விளிம்பும் சேர்ந்து விழட்டும்.